ஓடைக்கு மேல் பதினொரு மாதம்

போன வாரம் கொடகவெலவில் பெய்த மழையில் எங்கள் வீட்டுக் கூரைப் பீலி அடைத்துக்கொண்டது. தண்ணீர் பீலி வழியாகப் போகாமல் சுவரெல்லாம் வழிந்தது. என் கணவருக்கு உயரத்தில் ஏறினால் தலை சுற்றும். அதை ஒத்துக்கொள்ள மாட்டார், முழங்கால் வலி என்பார். ஆகவே ஏணியில் ஏறியது நான்தான். பீலிக்குள் கையை விட்டு அள்ளினேன். பலா இலையும் ரம்புட்டான் இலையும் கறுத்துக் கூழாகிக் கையோடு வந்தன. அந்த வாடை மூக்கில் ஏறியதும் அப்படியே ஏணியில் நின்றுவிட்டேன்.

"என்ன அங்க, பாம்பா?" என்று கீழேயிருந்து கேட்டார்.

"இல்லங்க. வாசம்."

அழுகல் வாடையை வாசம் என்று சொல்லும் ஒருத்தியோடு பதினான்கு வருடம் குடும்பம் நடத்துகிறவர் அவர். ஏணியை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

ஈர இலையும் துருப்பிடித்த இரும்பும் கலந்த அந்த வாடை ஒரு காலத்தில் என் உத்தியோகம். சிரிக்காதீர்கள். நிவித்திகலவுக்கு மேலே, எங்கள் தோட்டத்தின் கடைசித் தேயிலை மலையையும் தாண்டி, காட்டுக்குள் ஓடுகிற ஓர் ஓடையில் சின்ன அணை ஒன்று கட்டியிருந்தார்கள். அங்கே மறிக்கிற தண்ணீர் குழாய் வழியாக இறங்கி, அடிவாரத்தில் ஒரு மெஷினைச் சுற்றி மின்சாரம் கொடுக்கும். தண்ணீர் குழாய்க்குள் நுழைகிற இடத்தில் இரும்புக் கம்பித் தட்டி ஒன்று உண்டு. ஓடை கொண்டுவருகிற இலைதழையெல்லாம் அதில் வந்து ஒட்டிக்கொள்ளும். அதை நீளமான வாரியால் இழுத்து எறிந்துகொண்டே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கீழே மெஷினுக்கு மூச்சு முட்டும். அந்த வேலைக்கு மேலே ஓர் ஆள் தங்கியிருக்க வேண்டும். பதினொரு மாதம் அந்த ஆள் நான்.

நான் பிறந்து வளர்ந்தது தோட்டத்து வரிசை வீடான லயத்தில், ஒற்றை அறைக் காம்பரா ஒன்றில், ஏழு பேரோடு. ஒருவர் இருமினால் ஏழு பேரும் விழித்துக்கொள்வோம். பக்கத்துக் காம்பராவில் சண்டை என்றால் எங்கள் வீட்டில் தீர்ப்புச் சொல்வார்கள். பதினெட்டு வயதில் கார்மென்ட்ஸ் வேலைக்குக் கொழும்புப் பக்கம் போனேன். அங்கே போர்டிங்கில் ஓர் அறைக்கு எட்டுப் பெண்கள். இருபத்துநாலு வயது வரை நான் கதவைச் சாத்திக்கொண்டு தனியாக இருந்தது கக்கூஸில் மட்டும்தான். அங்கேயும் யாராவது வந்து, "உள்ள தூங்கிட்டியா?" என்று தட்டுவார்கள்.

அந்த அணை வேலை முதலில் அப்பாவுடையது. தோட்டத்து வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் அதில் சேர்ந்தார். ஒரு நாள் பாசியில் வழுக்கிப் பாறையில் விழுந்து காலை முறித்துக்கொண்டார். அந்தச் சமயம் நான் லீவில் வீட்டுக்கு வந்திருந்தேன். அப்பாவுக்குப் பதில் வேறு ஆள் போட்டுவிட்டால் பிறகு அந்த வேலை திரும்பக் கிடைக்காது. "கால் சரியாகிற வரைக்கும் நான் போறேன்" என்று சொன்னேன். வாய் சொன்ன பிறகுதான் எனக்கே கேட்டது.

அம்மா அரிவாள்மனையை விட்டு எழுந்துவிட்டார். "பொட்டப்புள்ள காட்டுல தனியா கெடந்தா நாளைக்கு எவன் வந்து பொண்ணு கேப்பான்?"

"வாரவன் அம்புட்டுத் தூரம் ஏறி வந்தே கேக்கட்டும். அப்பத்தான் நல்லவன்னு தெரியும்" என்றார் அப்பா, கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு. நாலு வாரத்தில் எழுந்துவிடுவேன் என்று அவர் நம்பினார். எலும்பு கோணலாகக் கூடி, மறுபடி வைத்து, மறுபடி கூடி, மாதங்கள் போயின.

கம்பெனி எஞ்சினியர் சிங்கள இளைஞர். பெண்ணைக் காட்டுக்கு அனுப்ப அவருக்குத் தயக்கம். "பயமில்லையா?" என்று கேட்டார். "போர்டிங்கில எட்டுப் பேரோட குளிக்கத் தண்ணி புடிச்சவங்க நாங்க. காடு என்ன செய்யும்?" என்று சிங்களத்தில் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். வேலை எனக்கு வந்தது. அம்மா ஒரு ஜெபமாலையும் ஒரு போத்தல் எலுமிச்சை ஊறுகாயும் கொடுத்து அனுப்பினார். இரண்டில் எது என்னைக் காப்பாற்றும் என்று அவர் நினைத்தாரோ தெரியாது.

அணைக்குப் பக்கத்தில், ஓடையைப் பார்த்தபடி, தகரம் போட்ட ஓர் அறை. ஒரு கட்டில், ஓர் அடுப்பு, சுவரில் தொங்கும் ஒரு டெலிபோன். கைபேசிக்கு அந்தப் பள்ளத்தில் சிக்னல் கிடையாது. கீழே மெஷின் இருக்கிற பவர் ஹவுஸ் வரை மரத்துக்கு மரம் கட்டிய டெலிபோன் கம்பி. அவ்வளவுதான் என் அரண்மனை.

முதல் நாள் மத்தியானம், சோறு வடித்துக்கொண்டிருந்தபோது கூரையில் டமாரென்று ஒரு கல் விழுந்தது. பிறகு இன்னொன்று. யாரோ கல்லெறிகிறார்கள் என்று கட்டிலுக்கடியில் புகுந்துகொண்டேன். எஞ்சினியரிடம் பேசிய வீரமெல்லாம் எங்கே போனதோ. சோறு குழைந்து அடிப்பிடிக்கிற வாடை வந்த பிறகுதான், பயத்தைவிடப் பசி பெரிதென்று வெளியே வந்து பார்த்தேன். பூனையளவு பெரிய அணில் ஒன்று கிளையில் குந்தியிருந்து ஏதோ காட்டுக்காயைக் கடித்துக் கடித்துக் கொட்டையை என் கூரையில் போட்டுக்கொண்டிருந்தது. என்னைக் கண்டதும் வாலை விசிறி ஏசியது. வீடு அதனுடையது, நான்தான் வந்தேறி என்பது போல ஓர் அதட்டல்.

ஆனால் மூன்றாம் நாள் ஒன்று நடந்தது. காலையில் கண் விழித்தபோது நான் கட்டிலின் நடுவில் கையையும் காலையும் நாலு பக்கமும் விரித்துக் கிடந்தேன். வாழ்நாள் முழுக்க ஒருக்களித்தே படுத்தவள் நான். சுவரோடு ஒட்டி, தங்கையின் முழங்கை படாமல், போர்வையின் ஒரு ஓரத்தைப் பிடித்துக்கொண்டு படுத்துப் பழகிய உடம்பு அது. அந்த உடம்பு எனக்குத் தெரியாமலே அகன்றுவிட்டிருந்தது. படுத்தபடியே சத்தம் போட்டுச் சிரித்தேன். "என்னடி சிரிப்பு?" என்று கேட்க ஓர் ஆள் இல்லை. அந்தச் சந்தோஷத்தை உங்களுக்கு எப்படிச் சொல்வது! பிறகு தேவாலயத்துப் பாட்டுகளை உரத்துப் பாடத் தொடங்கினேன். என் குரல் அவ்வளவு மோசம் என்று அதுவரை எனக்குத் தெரியாது. போர்டிங்கில் யாரும் ஒரு வரிக்கு மேல் பாட விட்டதில்லை.

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் தட்டியை வார வேண்டும். மழையென்றால் கை ஓயாது. இழுத்துப் போடுகிற இலையைப் பார்த்துப் பார்த்தே மேலே நான் போகாத காட்டில் என்ன நடக்கிறதென்று தெரிந்துகொண்டேன். நா என்கிற நாகமரம் துளிர்க்கிற காலத்தில் தளிர் சிவப்பாக வரும், தட்டியில் குங்குமம் பூசியது போல. குரங்குக் கூட்டம் மேலே இறங்கியிருந்தால் பாதி கடித்த காய்கள் மிதந்து வரும். பச்சை இலை கிளையோடு வந்தால் மேலே காற்று அடித்திருக்கிறது. ஒரு முறை முழு ஆர்க்கிட் பூங்கொத்து ஒன்று வேரோடு வந்தது. அதை ஒரு மரத்தில் கட்டினேன், பிடித்துக்கொண்டது. ஓடை எனக்குத் தினமும் தபால் கொண்டுவந்த மாதிரி இருந்தது.

அட்டைகளைப் பற்றிச் சொல்ல வேண்டாம் என்று பார்க்கிறேன். சவர்க்காரக் கட்டியைக் காலில் தேய்த்துக்கொண்டு நடப்பேன். அப்படியும் மாலையில் எண்ணிப் பார்த்தால் பத்துப் பதினைந்து என்னோடு சாப்பிட்டுவிட்டுப் போயிருக்கும்.

நீர்நாய்களைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். சிங்களத்தில் தியபல்லா என்பார்கள். ஒரு சோடி. அணைக்குப் பின்னால் தேங்கிய குளத்தில், பனி விலகாத காலை நேரத்தில், முதுகு பளபளக்க நீந்தும். குளத்தின் கரையில் தட்டையான பாறை ஒன்று. உடுப்புத் துவைக்க அதைவிட நல்ல கல் அந்தக் காட்டில் இல்லை. நீர்நாய்களும் அப்படித்தான் நினைத்தன, வேறொரு காரியத்துக்கு. நான் காலையில் போனால் பாறை நடுவில் நண்டு ஓடு கலந்த எச்சம் கிடக்கும். கழுவுவேன். மறுநாளும் கிடக்கும். கழுவுவேன். இரண்டு வாரம் இப்படிப் போட்டி நடந்தது. ஒரு நாள் துவைத்து வைத்த என் வெள்ளைச் சட்டையின் மேலேயே போட்டுவிட்டுப் போயிருந்தன. அதற்கு மேல் வாதாட என்ன இருக்கிறது? கொஞ்சம் தள்ளி வேறு கல்லுக்குப் போய்விட்டேன்.

தனிமை என்று சொன்னாலும் எனக்கு ஒரு குரல் இருந்தது. பவர் ஹவுசில் மெஷின் பார்க்கும் சுனில். காலை ஆறுக்கும் மத்தியானம் மூன்றுக்கும் மாலை ஆறுக்கும் அணையில் வர்ணம் பூசிய அளவுகோலைப் பார்த்து, தண்ணீர் எத்தனை அடி என்று அவருக்குச் சொல்ல வேண்டும். சிங்களத்தில் 'அய்யா' என்றால் அண்ணன். நான் "சுனில் அய்யே" என்று கூப்பிடுவேன், அவர் "நங்கி" என்பார், தங்கச்சி. இதில் ஒரு வேடிக்கை உண்டு. எனக்கு முன்னால் இரண்டு வருடம் அப்பா மரியாதையாக, நம் தமிழ் முறையில், அவரை "ஐயா, ஐயா" என்றே கூப்பிட்டு வந்திருக்கிறார். "உங்க அப்பா ஏன் என்னை அண்ணன் அண்ணன்னு கூப்பிடுறார்? எனக்கு அவ்வளவு வயசாயிட்ட மாதிரியா குரல் இருக்கு?" என்று சுனில் ஒரு நாள் ரகசியமாகக் கேட்டார். எங்கள் பேச்செல்லாம் சிங்களத்தில்தான். உங்களுக்காகத் தமிழில் சொல்கிறேன்.

அவரை நான் பார்த்ததே இல்லை. வாரத்துக்கு ஒரு முறை தங்கை கடைசி மலை வரை அரிசியும் கருவாடும் கொண்டுவந்து தருவாள். நான் அங்கே இறங்கி வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவேன். பவர் ஹவுஸ் அதற்கும் வெகு கீழே, ரோட்டோரம்.

ஒரு முறை அவரிடம் பொய் சொன்னேன். மத்தியானம் கண்ணயர்ந்துவிட்டேன். மணி மூன்று அடித்த பின் விழித்தவள், எழுந்து அணை வரை போகச் சோம்பல் பட்டு, "மூணு அடி ரெண்டு அங்குலம்" என்று டெலிபோனில் அளந்துவிட்டேன். 

"நங்கி, நீ ஒண்ணு சொல்ற. மெஷின் வேற ஒண்ணு சொல்லுது. ரெண்டு பேர்ல யார் பொய் சொல்றது?"

காது சூடாகிவிட்டது. "நான்தான் அய்யே" என்றேன்.

"ஹரி" என்றார், சரி என்பதற்கு. "இப்பப் போய்ப் பாத்துட்டு வந்து சொல்லு. நான் போனை வைக்கல்ல."

போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னேன். அவர் யாரிடமும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அந்த அளவுகோலைப் பார்க்காமல் ஓர் அங்குலம்கூட நான் சொன்னதில்லை. சொல்லாத நேரத்திலும் பார்த்துக்கொண்டே இருப்பேன். மழை தொடங்கி எவ்வளவு நேரத்தில் தண்ணீர் ஏறும், விட்டபின் எவ்வளவு மெதுவாக இறங்கும் என்பதெல்லாம் என் மூச்சு மாதிரி எனக்குப் பழகிவிட்டது.

வெசாக் பண்டிகை முடிந்த வாரம் மழை பிடித்தது. எங்கள் சப்பிரகமுவ மாகாணத்து மழையை உங்களுக்குத் தெரியும். அது பெய்வதில்லை, கொட்டிக் கவிழ்க்கும். நான்காம் நாள் மத்தியானம், வானம் ஊற்றிக்கொண்டிருக்கிறது, நான் வாரியும் கையுமாக நிற்கிறேன். தண்ணீர் ஐந்து அடியைத் தொட்டிருந்தது. இலையை எறிந்துவிட்டுத் திரும்பிப் பார்க்கிறேன், நாலரை. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். நாலு. பார்க்கப் பார்க்க இறங்குகிறது. மழையோ ஒரு சொட்டுக் குறையவில்லை.

பதினொரு மாதமாக ஒரு நாளும், மழை பெய்யும்போது தண்ணீர் இறங்கி நான் கண்டதில்லை. தண்ணீரின் நிறமும் மாறியிருந்தது, பால் தேத்தண்ணி போல. புதிதாக வெட்டிய குழியின் மண் வாடை வந்தது. வந்துகொண்டிருந்த தண்ணீர் மேலே எங்கேயோ நிற்கிறது. மலை சரிந்து ஓடையை மறித்திருக்கிறது. அது எப்போதும் நின்றுகொண்டே இருக்காது.

ஓடிப்போய் டெலிபோனை எடுத்தேன்.

"அய்யே, தண்ணி எறங்குது."

"நல்லதுதானே. நாலு நாளா நீயும் தூங்கல்ல, கொஞ்சம் படு."

"இல்ல அய்யே, மழை பெய்யுது, தண்ணி எறங்குது! மேல மலை வுழுந்திருக்கு. மெஷினை நிப்பாட்டிட்டு வெளிய ஓடுங்க. பக்கத்துக் கடையில இருக்குறவங்களையும் கூட்டிக்கிட்டு ரோட்டுக்கு மேல ஏறுங்க."

மெஷினைச் சும்மா நிறுத்த முடியாது. எஞ்சினியரைக் கேட்க வேண்டும், காரணம் எழுத வேண்டும். பிழையாய்ப் போனால் அவர் வேலையே போகலாம். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். டெலிபோனில் அவர் மூச்சு கேட்டது.

"நங்கி, பாத்தியா? இல்ல, நினைக்கிறியா?"

"பாத்தேன். என் கண்ணால பாத்தேன் அய்யே."

"ஹரி" என்றார். டெலிபோன் தொங்கி ஆடுகிற சத்தம் கேட்டது. பின்னாலேயே மெஷினின் இரைச்சல் தணிந்து தணிந்து, நான் அந்தக் கம்பி வழியாக என்றுமே கேட்டிராத அமைதி ஒன்று வந்தது.

அணையின் அடியில் சேரும் மணலை வெளியே விடுகிற மணல் கதவைத் திறந்துவிட்டேன். அது எதற்கு உதவும் என்று யோசிக்கவில்லை, கை அதைச் செய்தது. ஜெபமாலையை ஆணியிலிருந்து எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு, ஓடையை விட்டு விலகி, பக்கத்து மேட்டில் கையையும் காலையும் ஊன்றி ஏறினேன். அட்டை, முள் ஒன்றும் தெரியவில்லை. மேட்டுப் பாறைக்குப் போய்ச் சேர்ந்தபோது தண்ணீர்ச் சத்தமே இல்லை. அத்தனை மாதமாக, தூக்கத்திலும் விழிப்பிலும், ஓடையின் இரைச்சலை நான் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறேன். அது நின்றபோதுதான் அது இருந்ததே தெரிந்தது.

பிறகு வந்தது. முதலில் தரை நடுங்கியது. அப்புறம் மரங்கள் நின்றபடியே நடந்து வந்தன. அவற்றைச் சுமந்துகொண்டு சேறு, வீட்டளவு பாறைகள். ஒன்றோடொன்று மோதிய இடத்தில் பொறி பறந்தது. அணையின் மேலேறிக் கீழே போனது. என் தகர அறை ஒரு பக்கம் சாய்ந்தது, பிறகு இல்லை. பயந்தேனா என்று கேட்டால், அந்த நேரத்தில் இல்லை. "சுனில் அய்யே, ஓடுங்க, ஓடுங்க" என்று கத்திக்கொண்டு நின்றேன், அவருக்குக் கேட்கும் என்பது போல.

மலை முதுகின் மேடு வழியாகவே இறங்கி, வெளிச்சம் இருக்கும்போதே கடைசித் தேயிலை மலைக்கு வந்துவிட்டேன். அங்கே லயமே திரண்டு ஏறிக்கொண்டிருந்தது. எல்லோருக்கும் முன்னால் ஊன்றுகோலோடு அப்பா. என்னைக் கண்டதும் அந்தச் சேற்றில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அம்மா வந்து முதுகில் ஓர் அறை வைத்தார். பிறகு கட்டிப்பிடித்துக்கொண்டார். பிறகு இன்னொரு அறை.

ரோட்டுக்கு இறங்கிய பிறகுதான் சுனிலைப் பார்த்தேன். டெலிபோனில் அந்தக் கனத்த குரலைக் கேட்டு ஆறடி ஆளை நினைத்திருந்தேன். என் தோளுக்கு வந்தார். மழைக்கு ஒதுங்கித் தேத்தண்ணிக் கடையில் இருந்த ஏழு பேரையும் தள்ளிக்கொண்டு அவர் மேலே ஏறி, மூச்சு வாங்கத் திரும்பிப் பார்த்தபோது கடை இருக்கவில்லை. பவர் ஹவுசுக்குள் ஜன்னல் வரை சேறு. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீயா நங்கி? இவ்வளவு ஒல்லியா?"

"நீங்களா அய்யே? இவ்வளவு கட்டையா?"

இரண்டு பேரும் சிரித்தோம். கடைக்கார அம்மா என் இரண்டு கையையும் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எஞ்சினியர் வந்து, "யார் மெஷினை நிறுத்தச் சொன்னது?" என்று கேட்டாராம். "மேலே இருக்கிற பெண் சொன்னாள்" என்றாராம் சுனில். எஞ்சினியர் வேறொன்றும் கேட்கவில்லையாம்.

என்னை எல்லோரும் கெட்டிக்காரி என்றார்கள். நான் கெட்டிக்காரி இல்லை. தனியாக இருந்தவள். பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர எனக்கு அங்கே வேறு வேலை இருக்கவில்லை, அவ்வளவுதான். லயத்துக் காம்பராவுக்குத் திரும்பி வந்து, மறுபடி சுவரோடு ஒட்டி ஒருக்களித்துப் படுத்தபோதுதான் எனக்கு அழுகை வந்தது. தங்கை பயந்துபோய், "அக்கா, அத நெனச்சிக்கிட்டியா?" என்று தலையைத் தடவினாள். மண்சரிவை நினைத்து அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டாள். எனக்கு அந்தக் கட்டிலின் நடு வேண்டியிருந்தது.

கம்பெனி அதே ஓடையில் திரும்பக் கட்டவில்லை. வேறொரு ஓடையில் புதிதாகக் கட்டினார்கள். அங்கே வாரி தானாக இறங்கி ஏறுகிறது, கமரா பார்க்கிறது, ஆள் வேண்டாம். கேட்டுப் பார்த்தேன். "வேலை இல்லை, மன்னிக்க வேண்டும்" என்று எஞ்சினியர் மரியாதையாகச் சொன்னார். சுனில் எம்பிலிப்பிட்டியவில் மகளோடு இருக்கிறார். புது வருசத்துக்குப் போன் பண்ணுவார், குரல் இப்போதும் ஆறடிதான். மேல் கணக்கு என்கிற தோட்டத்து மேல் பிரிவில் கொழுந்து பறிப்பதை நிறுத்திவிட்டார்கள். லயத்தில் பாதிக் காம்பராக்கள் பூட்டிக் கிடக்கின்றன. நாங்கள் வாரியும் சுமையுமாக நடந்த பாதையைப் பன்னச் செடி மூடிவிட்டது.

இரண்டு வருடத்துக்கு முன் என் கணவரை அங்கே கூட்டிக்கொண்டு போனேன். கதையை நான் பெருக்கிச் சொல்கிறேன் என்று அவருக்கு ஒரு சந்தேகம். மூச்சிரைக்க ஏறிப் போய்ச் சேர்ந்தோம். எனக்கே இடம் தெரியவில்லை. குளம் இல்லை. அணையின் ஒரு துண்டுச் சுவர், செடி முளைத்து, ஒரு பக்கமாகக் கிடந்தது. ஓடை தன் பாதையை விட்டு இந்தப் பக்கமாக ஓடிக்கொண்டிருந்தது. மேட்டுப் பாறையை அடையாளம் வைத்து, கண்ணாலேயே அளந்து அளந்து நின்றேன்.

"எங்கதான் படுத்திருந்த?" என்று கேட்டார்.

தண்ணீர் நுரைத்துச் சுழித்து ஓடுகிற நடு ஓடையைக் கையால் காட்டினேன்.

அவர் வெகுநேரம் பார்த்தார். "அங்க ஒரு காலு வைக்கக்கூட எடமில்லையே."

"அப்ப இருந்திச்சிங்க" என்றேன்.